வேறு ஊர்ப் பெயரில் கஞ்சி

சாப்பிடும்போது பூகோளம் பேசுவது என் பழக்கம். தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் விழுந்தால், அது பெரு நாட்டு மலைச்சரிவிலிருந்து கப்பலேறி வந்தது என்று சொல்லாமல் என்னால் ஒரு வாய் எடுத்து வைக்க முடியாது. மிளகாய் நம்முடையது இல்லை. தக்காளி நம்முடையது இல்லை. புளிகூட எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். ஒருநாள் இதையெல்லாம் கழித்துப் பார்த்துவிட்டு, ரசத்தில் நம்முடையது என்று மிஞ்சுவது மிளகும் தண்ணீரும்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப அதை மட்டும் வெக்கிறேன், குடிங்க" என்று அவள் அன்று இரவு ரசம் ஊற்றவே இல்லை.

எண்ணுவது இன்னொரு பழக்கம். ரயில்வே பண்டகசாலையில் நட்டும் போல்ட்டும் வாஷரும் எண்ணியே வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வீடுதான் மிஞ்சியது. குக்கர் விசில், வெயிலில் காயும் வடாம், மாரெட்பள்ளியில் எங்கள் மாடிக்கு ஏறும் படிகள். அவள் இட்லி எடுத்து வைக்கும்போது என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டால் தட்டைத் திருப்பிப் பிடித்துக்கொள்வாள்.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். அவள் இங்கேயே, செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர வந்தவர் அவளுடைய அப்பா. வீட்டில் தமிழ், காய்கறி வண்டிக்காரனிடம் தெலுங்கு, மற்ற எல்லாரிடமும் இந்த ஊர் உருது என்று வளர்ந்ததால் அவள் பேச்சில் எல்லாம் கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் 'நக்கோ' என்பார்கள். அவள் புருஷனுக்கு மரியாதை சேர்த்து 'நக்கோங்க' என்பாள். கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

முதலில் சப்பாத்திதான் சிக்கியது. நெஞ்சில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது என்றாள். மாவு சரியில்லை என்று நான் கடையை மாற்றினேன். அடுத்து தோசையின் முறுகலான ஓரம் சிக்கியது. அப்புறம் சோறே சிக்கியது. வாய் வழியாகக் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. எல்லாம் முடிந்த பிறகு, பாதை கொஞ்சம் திறந்திருக்கிறது, ஆனால் கெட்டியாக எதுவும் போகாது, கூழ் மாதிரிதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பேசக்கூடியவர். எடை நாற்பத்தோரு கிலோ இருக்கிறது, நாற்பதுக்குக் கீழே போனால் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்துத்தான் உணவு செலுத்த வேண்டியிருக்கும் என்று காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது சங்கீத் சந்திப்பு நெரிசலில் நின்றோம். அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வயித்துல குழாய் நக்கோங்க. வாயால சாப்பிடறேன். எதுவா இருந்தாலும் சாப்பிடறேன்."

சரி என்றேன்.

"கஞ்சி மட்டும் குடுக்காதீங்க."

அதற்கும் சரி என்றேன். ஆனால் அந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. கூழ் மாதிரிதான் போகும், கஞ்சி கூடாது.

ஏன் கூடாது என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா குவார்ட்டர்ஸில் படுத்துக் கிடந்தபோது காலனிப் பெண்கள் கதவருகில் நின்று விசாரிப்பார்களாம்: சோறு சாப்பிடறாரா, கஞ்சிக்கு வந்துட்டாரா? கஞ்சிக்கு வந்துவிட்டார் என்று பதில் வந்தால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். ஊருக்குக் கடிதம் போடுவதா தந்தி கொடுப்பதா என்று ஆண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு அக்கா, மூன்று பேரும் அப்படித்தான் போனார்கள். கஞ்சிக்கு வந்தவர்கள் யாரும் சோற்றுக்குத் திரும்பிப் போனதை அவள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பையனுக்கு ஜுரம் வந்தால்கூடப் பாலும் பிரெட்டும்தான். அந்தச் சொல்லையே அவள் உபயோகிக்க மாட்டாள். புடவைக்குக் கஞ்சி போடுவதைக்கூட 'ஸ்டார்ச்' என்றுதான் சொல்வாள்.

முதல் வாரம் பழச்சாறும் பாலும் முட்டை வெள்ளையும் ஓடின. எதுவும் தங்கவில்லை. பால் குமட்டியது. பழச்சாறு எரிந்தது. ஊரின் மறுகோடியில் கச்சிபௌலியில் இருக்கும் பையன் டப்பா டப்பாவாகச் சத்துப் பொடி வாங்கி அனுப்பினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, சாக்பீஸ் கரைத்த மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். நான் தினமும் காலையில் அவளை எடைக்கருவியில் நிற்க வைத்தேன். முள் கீழேதான் போனது.

அப்போதுதான் கீழ் வீட்டு அம்மாள் வந்தார். தெலுங்குக்காரர். என்னை 'அண்ணய்யகாரு' என்பார், அவளை 'வதினா', அதாவது அண்ணி, என்பார். ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி, மோர் சேர்த்து, மூடி போட்ட டம்ளரில் கொண்டு வந்திருந்தார். அதற்குத் தெலுங்கில் 'ஜாவ' என்று பெயர்.

"வதினா, ஜாவ தெச்சானு. மெல்லகா தாகண்டி" என்று கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். மெதுவாகக் குடியுங்கள் என்று அர்த்தம்.

என் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு ஜாவ என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்தே தெரியும். இருந்தும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஜாவாவாம். ஜாவாத் தீவா, ஜாவா மோட்டார் சைக்கிளா?"

என் பழக்கம் சும்மா இருக்குமா? அது தீவும் இல்லை, வண்டியும் இல்லை, ராகியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா, எத்தியோப்பியா மேட்டுநிலத்தில் முதலில் பயிரானது என்று சொன்னேன்.

"ஆப்பிரிக்காவா? அங்க போனதில்லையே. குடுங்க" என்று சொல்லி முழு டம்ளரையும் குடித்தாள். நடுநடுவே நிறுத்தினாள், நெஞ்சைத் தடவிக்கொண்டாள், ஆனால் முழுவதும் குடித்தாள். பல நாட்களுக்குப் பிறகு ஒரு பாத்திரம் காலியாகத் திரும்பியது. ராகிக் கஞ்சி என்று நான் கொடுத்திருந்தால் தொட்டிருக்க மாட்டாள்.

நான் சமையலறையில் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். அதுவரை வெந்நீர் போடுவதைத் தாண்டி அந்த அறையில் நான் எதுவும் செய்ததில்லை. ஆனால் பூகோளம் தெரியும். உலகத்தில் பல் இல்லாதவர்களும் படுத்திருப்பவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் தானியத்தைக் கரைத்து அவர்களுக்குக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர் இருக்கிறது.

முதலில் தாய்லாந்து. ஒரு பிடி அரிசியை உடைத்து, பத்துப் பங்குத் தண்ணீர் விட்டு, கோழி வேகவைத்த சாற்றில் குழையக் குழையக் காய்ச்சினேன். இஞ்சியைச் சீவிப் போட்டுவிட்டு இறக்கும் முன் பொறுக்கி எடுத்தேன். சீனத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டு போனது என்றும், அங்கே இது நோயாளிக்கு இல்லை, வேலைக்குப் போகிறவர்களே தெருமுனையில் நின்று காலையில் குடிப்பது என்றும் சொல்லித்தான் கிண்ணத்தை நீட்டினேன்.

"பேரு என்ன?"

"ஜோக்."

"ஜோக்கா? யாரு சிரிக்கணும்?"

ஆனால் குடித்தாள். மறுநாள் ஜப்பான். அங்கே இதற்கு 'ஒகாயு' என்று பெயர். உப்பு மட்டும்தான். அதன் மேல் ஒரு உப்பு ஊறுகாய்ப் பழம் வைப்பார்கள், அவளுக்குப் புளிப்பு எரியும் என்பதால் அதை விட்டுவிட்டேன். ரொம்பச் சுத்தக்காரர்கள் போலிருக்கிறது, ருசியைக்கூடக் கழுவிவிட்டார்கள் என்றாள். இத்தாலிக்கு மக்காச்சோள ரவையும் வெண்ணெயும். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வருவதற்கு முன்னால் இத்தாலிக்காரர்கள் இதையே தினையிலும் பார்லியிலும் கிண்டினார்கள் என்று சொன்னபோது, அந்தத் தினைக்காரங்களுக்கு வெண்ணெய் யார் குடுத்தது என்று கேட்டாள். ஸ்காட்லாந்துக்கு ஓட்ஸ், சர்க்கரை இல்லாமல் உப்புப் போட்டு. மெக்சிகோவுக்கு மக்காச்சோள மாவும் பாலும் பட்டையும். கிரேக்கம் மட்டும் தோற்றுப் போனது. முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றும் சாறு அது. எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை.

அவள் ஹாலில் திவானில் படுத்திருப்பாள். அங்கிருந்து அடுப்பு தெரியும். பார்க்காமலேயே சத்தத்தை வைத்துச் சொல்லுவாள். அடி பிடிக்குது, கிண்டுங்க. தண்ணி போதாது. தீயைக் குறைங்க, அது கோபப்படுது. நான் ஒரு கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பேன். சுற்றுகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஊட்டும்போது எண்ணுவதுதான் சண்டையானது. ஒரு வேளைக்கு இருபது கரண்டி உள்ளே போனால் எடை நிற்கும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

"எண்ணாதீங்க" என்றாள் ஒருநாள். "உதடு அசையுது உங்களுக்கு. பதினொண்ணுன்னு நீங்க முணுமுணுக்கறப்ப பன்னெண்டாவது இறங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு கால் விரல்களால் எண்ணினேன். ஒரு காலில் ஐந்து, மறு காலில் ஐந்து. அதையும் கண்டுபிடித்துவிட்டாள். போர்வையை என் காலில் தூக்கிப் போட்டாள்.

ஒருநாள் காலையில் ஆட்டோ பிடித்து பார்க்கஸ் வரை போனேன். நிஜாமிடம் படையில் இருக்க ஏமனிலிருந்து வந்த அரபுக்காரர்களின் பேரப் பிள்ளைகள் இருக்கும் பகுதி அது. கோதுமையையும் கறியையும் மணிக்கணக்காக வேகவைத்து இடித்த ஹரீஸ் அங்கே காலையிலேயே கிடைக்கும். ஹலீம் என்று நம் ஊரே பைத்தியமாக இருக்கிறதே, அதற்கு அப்பன் இதுதான். உப்பிலும் இருக்கிறது, இனிப்பிலும் இருக்கிறது. வீட்டில் முடியாதவருக்கு என்று சொன்னதும், கடைக்காரர் இனிப்பையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். கறி நாரை இன்னும் ஒருமுறை மசித்து, நெய்யைக் குறைத்து ஊற்றிக் கொடுத்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஏமன் நாட்டுக்கு இங்கிருந்து ஆட்டோவில் போக முடியும் என்று நினைக்கவே இல்லை என்று சொல்லிச் சாப்பிட்டாள். பையன் அமெரிக்காவில் இருந்த இரண்டு வருஷத்தில் போய் வரலாம் என்று அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்திருந்தோம். அதில் ஒரு முத்திரையும் விழவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நாற்பத்தொன்றே கால். குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. டாக்டர் பெண் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நாடுகளின் பெயரை வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குழாயைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றார். அன்று ஆட்டோவிலிருந்து என் மனைவி எங்கள் தெருமுனையில் இறங்கி, கடைசிப் பகுதியை நடந்தே வந்தாள்.

அந்த மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் வந்திருந்தான். நான் போர்ச்சுகல் செய்திருந்தேன். கோழிச்சாற்றில் கொஞ்சம் அரிசி, மேலே ஒரு புதினா இலை. அவள் திவானில் சாய்ந்து உட்கார்ந்து தானே கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. பையன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குப் பெயர் என்னப்பா என்று கேட்டான்.

"கான்ஜா" என்றேன். "கோவா, கொச்சின் பக்கம் வந்த கப்பல்காரர்கள் இங்கே குடித்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோனது. சொல்லையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். இங்கிலீஷிலே காஞ்சீ என்கிறார்களே, அதுவும் அப்படித்தான். சீனாக்காரன் கிண்ணத்துக்கே இன்றைக்கு உலகம் முழுக்க நம்ம பெயர்தான். எல்லாம் நம்ம கஞ்சி..."

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"முடிங்க. பாதியில ஏன் நிறுத்திட்டீங்க?"

பையனுக்கு எதுவும் புரியவில்லை. கஞ்சின்னா என்னம்மா, நல்லாத்தானே இருக்கு, குடி என்றான். உனக்குத் தெரியாதுடா என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு முதல் நாளே தெரியும்ங்க. தாய்லாந்துன்னு குடுத்தீங்களே, அன்னைக்கே. அரிசியும் தண்ணியும் எனக்குத் தெரியாதா? கீழ் வீட்டம்மா ஜாவ குடுத்தப்பவே தெரியும். நீங்க பேரைச் சொல்லாம இருந்தீங்க, நானும் கேக்காம குடிச்சேன். நல்லாத்தானே போயிட்டிருந்தது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"எடுத்துட்டுப் போங்க. நக்கோ" என்றாள். அன்று 'ங்க' சேர்க்கவில்லை.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது. புதினா இலை ஓரத்தில் ஒட்டியிருந்தது. சமையலறையில் அதைக் கொட்டாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். ஒருவேளை கேட்பாளோ என்று நினைத்தேன்.

மறுநாள் தாய்லாந்தை மறுபடியும் காய்ச்சினேன். பின்லாந்து என்றேன், கொரியா என்றேன், எகிப்து என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எனக்காக இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வாள், மூன்றாவது வாயிலேயே நின்றுவிடும். விழுங்கப் பார்ப்பாள், கண் பிதுங்கும், துண்டில் துப்பிவிடுவாள். கட்டி வளர்ந்ததால்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஸ்கேன் படங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இறங்கியது திங்கட்கிழமை இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"முயற்சி பண்றேங்க" என்றாள் ஒருநாள், நான் எதுவும் கேட்காதபோதே. "எந்த ஊரைச் சொன்னாலும் இப்ப அந்த ஒரே பேருதான் கேக்குது."

எடை நாற்பதுக்குக் கீழே போனது. பையன் கையெழுத்துப் போட்டான். குழாய் வைத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திவானில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டப்பாப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வயிற்றுக் குழாயில் மாட்டிய பெரிய ஊசிக்குழலில் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. தானாக இறங்க வேண்டும். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அளவுக்கோடுகள் குழலிலேயே இருந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. டப்பாவின் மேல் பழத்தின் படம் இருந்தது, உள்ளே இருந்ததற்கு எந்தப் பழத்தின் வாசனையும் இல்லை. எங்கே செய்தது என்று திருப்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு தொழிற்பேட்டையின் முகவரி இருந்தது.

அடுப்பு பல நாள் எனக்கு மட்டும்தான் எரிந்தது. சோறும் தயிரும். அதையும் சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டேன், அவள் கண்ணில் படாமல்.

ஒரு காலை, குழலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு எந்த ஊரு?"

எனக்கு முதலில் புரியவில்லை. டப்பாவின் முகவரியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"இதைத்தான் கேக்கறேன். எந்த ஊரு?"

பொய் சொல்வது எனக்கு வராது. பண்டகசாலையில் ஒரு வாஷர் குறைந்தாலும் குறைகிறது என்றே எழுதியவன். குழலில் அந்த வெள்ளைத் தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் பாரசீகம் என்றேன். அங்கே கோதுமையையும் பருப்பையும் கீரையையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள், 'ஆஷ்' என்று பெயர். சமைப்பவருக்கு அவர்கள் மொழியில் ஆஷ் செய்பவர் என்றே அர்த்தம் வருகிற மாதிரி ஒரு சொல் இருக்கிறது. இவ்வளவும் நிஜம்தான். குழலில் இருந்தது மட்டும்தான் பொய்.

"வெங்காயம் வதக்கிப் போடறாங்களா, பச்சையாவா?"

வதக்கி, புதினாவோடு, மேலே போடுவார்கள் என்றேன்.

"அதான் சரி. பச்சையாப் போட்டா வாசனை எழும்பாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குழல் காலியாகும்வரை மூடியே இருந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஊர். நான் ராத்திரியே படித்து வைத்துக்கொள்வேன். அவள் கேள்விகள் எல்லாம் சமையல்காரியின் கேள்விகள். எண்ணெயா நெய்யா, முதலில் எது, தண்ணீர் கொதித்த பிறகா முன்னாலா. நான் சொல்லும் பூர்வீகத்தை அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள் என்றபோது மட்டும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பா என்று கேட்டாள். அதேதான் என்றதும், அவனுங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தது என்று அதையே சாயந்தரம் வரை பேசினாள்.

பையன் ஒருநாள் இதைக் கதவருகில் நின்று கேட்டான். அவனுக்கு என்மேல் வருத்தம் இருந்தது. அம்மாவை ஏமாற்றி ஏமாற்றிக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று ஒருமுறை போனில் சொல்லியிருந்தான். அன்று அப்படியே திரும்பிப் போய்விட்டான். மறுநாள் மத்தியானம் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினான்: அப்பா, மங்கோலியா பண்ணிட்டீங்களா? அதற்குக் கீழே ஒரு வீடியோ. பிறகு தினமும் ஒன்று அனுப்பினான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு கேள்வி, சில வேளை அதுவும் இல்லை. கீழ் வீட்டு அம்மாள் வந்து காலைப் பிடித்துவிட்டுப் போவார். ஒன்றும் கொண்டு வரமாட்டார்.

ஒருநாள் பெரிய மழை. கரண்ட் போய், போனிலும் எதுவும் வரவில்லை. பையன் அனுப்பியது திறக்கவில்லை. வேளை வந்துவிட்டது. நான் குழலைத் தூக்கிப் பிடித்தேன். இன்னிக்கு எந்த ஊரு என்று அவள் கேட்டாள், குரல் உள்ளேயே இருந்தது.

எனக்குத் தெரிந்த ஊர் எல்லாம் தீர்ந்திருந்தது. காகசஸ் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர் என்று ஆரம்பித்தேன். பெயர் வாயில் நுழையாது என்றேன். அங்கே பனிக்காலத்தில் காராமணியையும் உடைத்த கோதுமையையும் வால்நட்டையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஒரே பானையில் ஊர் முழுக்கச் சாப்பிடும். ஆட்டிடையர்கள் கண்டுபிடித்தது. சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஊர் தெரிந்தது.

அவள் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"உப்பு எப்பப் போடறாங்க?"

"முதல்லயே" என்றேன். "தண்ணீர் வைக்கும்போதே போட்டுவிடுவார்கள்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"முதல்லயே உப்புப் போட்டா காராமணி எப்படிங்க வேகும்?" என்றாள். "அந்த ஊர்ல இன்னும் யாரும் சமைக்கவே ஆரம்பிக்கல போலிருக்கு."

சிரிக்கப் பார்த்தாள். வயிறு குலுங்கினால் குழாய் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் போடச் சொல்லுங்க அவங்களை, காராமணி நசுங்கணும், அப்புறம்தான் உப்பு என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் இருந்தாள். நான் ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அவள் திரும்பக் கேட்கவில்லை. காலை வேளைக்குப் பொடியைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது முடிந்திருந்தது. அன்று பையன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். அவன்தான் என் கையிலிருந்த குழலை வாங்கினான்.

காரியங்கள் எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, என்னையும் கச்சிபௌலிக்கு வரச் சொன்னான். அங்கே இருபத்திரண்டாவது மாடி. வருகிறேன், கொஞ்சநாள் ஆகட்டும் என்றேன். மிச்சமிருந்த பொடி டப்பாக்களை ஆஸ்பத்திரியில் யாருக்காவது பயன்படட்டும் என்று கொடுத்துவிட்டான்.

போன வாரம் ஒருநாள் காராமணி ஊறப்போட்டேன். கோதுமை ரவை வீட்டில் இருந்தது. வால்நட்டை முனைக் கடையில் வாங்கினேன். எவ்வளவு போடுவது என்று பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தச் சமையல் எந்தப் போனிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. அடுப்பைச் சின்னதாக வைத்து, மூடி போட்டு, நடுநடுவே ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நசுங்கிய பிறகு உப்புப் போட்டேன்.

கிண்ணத்தில் ஊற்றி ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காராமணி நன்றாக வெந்திருந்தது. உப்புதான் போதவில்லை. எப்போது போடுவது என்று சொன்னவள், எவ்வளவு என்று சொல்லவில்லை.